பழைய ஸ்விஃப்ட்டுக்குப் புது ஸ்டீரியோ: எதை மாற்றுவது, எதை விடுவது?

2011இல் அறிமுகமாகி 2018 தொடக்கம் வரை விற்பனையில் இருந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டை வைத்திருப்பவர்களில் பலருக்கு எஞ்சின் மீது எந்தக் குறையும் இல்லை. வயதாகிவிட்டதாகத் தோன்றுவது கம்பெனி ஸ்டீரியோ மட்டும்தான். சிடியும் யூஎஸ்பியும் இருக்கின்றன, வரைபடம் காட்டத் திரை இல்லை. அதை மாற்ற நினைப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன: இருக்கும் ஸ்டீரியோவை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் மாற்றுவது, சோனி, பயனியர் போன்ற பிராண்டுகளின் 'டபுள் டின்' எனும் நிலையான அளவு ஸ்டீரியோவைப் பொருத்துவது, அல்லது ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை வாங்குவது.

குறை சத்தத்தில் என்றால், முதல் வழியை மட்டும் யோசித்தாலே போதும் என்பது என் கருத்து. புது ஸ்டீரியோவின் பெட்டியில் '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது உச்ச அளவே தவிர, தொடர்ந்து கிடைக்கும் சக்தி அல்ல. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்; அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் சிதையாத ஒலியாகத் தரக்கூடியது கணக்குப்படி 26 வாட்; இழப்புகள் போக 20 வாட் அளவில் நிற்கும். கம்பெனி ஸ்டீரியோவும் இதே எல்லைக்குள்தான் இயங்குகிறது. ஆகவே ஸ்டீரியோவை மட்டும் மாற்றிவிட்டுக் கதவில் பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களை விட்டுவைத்தால் பெரிய வேறுபாடு கேட்காது. முன்கதவுகளில் நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பொருத்தி, உட்புறத் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, தகட்டின் பெரிய துளைகளையும் மூடிவிட்டால், ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு கலந்து பாஸை விழுங்குவது குறைந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

குறை திரையில் என்றால் போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். டபுள் டின் என்பது 180 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட நிலையான அளவு. ஸ்விஃப்ட்டின் கம்பெனி ஸ்டீரியோ டேஷ்போர்டின் வளைவோடு சேர்த்து வார்க்கப்பட்டது என்பதால், அதை எடுத்த இடத்தில் தனி ஃபிரேம் ஒன்று தேவைப்படும். மலிவான ஃபிரேமின் பளபளப்பு சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒட்டாமல் கண்ணை உறுத்தும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ இந்த இடத்தில் முந்துகிறது. அந்தந்தக் காருக்கென்றே செய்த ஃபிரேமோடு வருகிறது, திரை பெரியது, விலையும் பெரும்பாலும் பாதிதான்.

ஆனால் அதற்குள் இருப்பது ஒரு மலிவு விலைக் கைபேசி. பிராண்டு ஸ்டீரியோக்களில் கைபேசியின் வரைபடத்தைத் திரையில் காட்டும் வசதிகள் உண்டு. 2014இல் வந்த ஆப்பிள் கார்பிளேயிலும் அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் வேலை செய்வது உங்கள் கைபேசி, ஸ்டீரியோ வெறும் திரை. கைபேசியை மாற்றும்போது காரின் வரைபடமும் வேகம் பெறுகிறது. தனியாக இயங்கும் ஆண்ட்ராய்டு பெட்டியோ தன் பழைய பிராசசரோடு இரண்டு மூன்று ஆண்டுகளில் திணறத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டு, திரை விழிப்பதற்காகக் காத்திருக்கும் எரிச்சல் அதை வாங்கியவர்களுக்குத் தெரியும். அட்டையில் எழுதியிருக்கும் ரேம் அளவு உள்ளேயும் இருக்கிறதா என்பது வேறு கதை. இந்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் பலவும் இப்போது கார்பிளே தருகின்றன என்பது உண்மை. அப்படியானால் அந்த ஒரு வசதிக்காக மட்டும் வாங்கி மற்றதை மறந்துவிடுவது நல்லது. ஒலியைக் கவனித்துக் கேட்பவருக்கும் எஃப்எம் வானொலியை நம்பியிருப்பவருக்கும் பிராண்டு ஸ்டீரியோவையே பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும் பொருத்தும் கைதான் முக்கியம் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஸ்டீரியோவுக்குள் செல்லும் மஞ்சள் ஒயர் நினைவகத்துக்காக எப்போதும் 12 வோல்ட் பெறுவது. சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால்தான் உயிர் பெற வேண்டும். எனக்குப் பொருத்திக் கொடுத்த கடையில் இரண்டையும் சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். திரை அணைந்தாலும் பெட்டி உறங்கவில்லை. ரயில் நிலையத்தில் மூன்று நாள் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. அரை ஆம்பியர் கசிந்தாலே மூன்று நாளில் 36 ஆம்பியர்-மணி போய்விடும். என் பேட்டரியின் கொள்ளளவே 35.

ஆகையால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் (இணைப்பு முனைக்கு முனை) சேரும் ஹார்னஸை, அதாவது ஒயர் தொகுப்பை, கேட்டு வாங்குங்கள்; ஸ்டியரிங் பட்டன்களும் வேலை செய்கின்றனவா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் சேர்த்த மின்சாதனத்தைக் காப்பீட்டில் தனியாக அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அறிவிக்காத ஸ்டீரியோ திருடு போனால் இழப்பீடு கேட்க வழியிருக்காது. கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவையும் அதன் திருகுகளையும் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்: ஒயர் வெட்டப்படாமல் இருந்தால், காரை விற்கும் நாளில் அரை மணி நேரத்தில் அதைத் திரும்ப மாட்டிவிடலாம்.