கைப்பிடியை மாற்றவா, ஜன்னலையே மாற்றவா?

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் கைப்பிடி போன மாதம் சும்மா சுற்ற ஆரம்பித்தது. பூட்டு நகரவே இல்லை. "ஜன்னலையே மாத்திடுங்கண்ணே" என்றார் வந்து பார்த்தவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கைப்பிடியும் பூட்டும் தேயும் பொருள்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ஜன்னல் சட்டம் உறுதியாக இருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். திருகுத் துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, அதே அளவில் வாங்குங்கள்.

கீல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலின் எடையை அதுதான் தாங்குகிறது. இரட்டைக் கண்ணாடி என்றால் பாரம் இன்னும் கூடுதல். கீலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணியான ரிவெட் அலுமினியமாக இருந்தால் அரித்துப்போகும் என்பதால்தான் 2004இல் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டைக் கட்டாயமாக்கினார்கள். பராமரிக்காத ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நடைபாதை.

இரு கண்ணாடிகளுக்கும் நடுவே, துணி எட்டாத இடத்தில் ஆவி படிந்தால் விளிம்பு அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போதும் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். சட்டமே வளைந்திருந்தால்தான் முழு ஜன்னல்; அதற்கு அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகையாளரைத்தான் அழைக்க வேண்டும்.