கோட்டுக்கு மேலே வேதம், கீழே உரை: ஒரு ஸ்டடி பைபிளோடு 12 ஆண்டு

காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்கு மூலமும் உரையும் புதிதல்ல. கம்பன் விழா மேடையில் ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வந்தவன் நான். எங்கள் தமிழ் ஐயா குறள் நடத்தும்போதும் "இது வள்ளுவர் சொன்னது, இது பரிமேலழகர் கண்டது" என்று பிரித்துத்தான் சொல்வார். ஆனால் 2013-இல் மதுரையில் இ.எஸ்.வி. (இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் ஸ்டடி பைபிளை, அதாவது உரைக்குறிப்புகளோடு வரும் பைபிளை, வாங்கிக்கொண்டு பஸ் ஏறியபோது அந்தப் பாடம் எனக்கு நினைவில் இல்லை.

புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிராஸ்வே நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. 2,700 பக்கத்துக்கு மேல். குறிப்புகள் மட்டும் 20,000-க்கு மேல். மடியில் வைத்து வாசிக்க முடியாத கனம். திண்ணையில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் வைத்துத்தான் காலையில் வாசிக்கிறேன். தாள் மெல்லியது, பால்பாயின்ட் பேனா பட்டால் மறுபக்கம் தெரியும், பென்சில்தான் சரி. தேவாலயத்தின் அமைப்பையும் எருசலேம் நகரத்தையும் வரைந்து காட்டியிருக்கும் படங்களுக்காகவே வாங்கலாம். எசேக்கியேல் 40-ஆம் அதிகாரத்து அளவுகளெல்லாம் படத்தோடு வைத்து வாசித்தபோதுதான் எனக்கு முதன்முதலாக விளங்கின.

ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வேத வசனம், நடுவில் கோடு, கீழே சின்ன எழுத்தில் உரை. வாங்கி இரண்டு வருஷம் இருக்கும். புதன்கிழமை வேத ஆராய்ச்சியில் 1 தீமோத்தேயு 2:12 வந்தது. உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்று பவுல் எழுதும் இடம். சபையின் போதக ஊழியம் ஆண்களுக்கே உரியது என்று கீழே இருந்த விளக்கத்தைத் தமிழில் சொல்லி, "வேதம் இதைத் தெளிவாகச் சொல்கிறது" என்று முடித்தேன். ஞாயிறு பள்ளி நடத்தும் அக்கா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இப்ப நீங்க சொன்னது கோட்டுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாக ஊழியம் செய்கிறார்கள். நான் இந்தப் புத்தகத்தை வாங்கிய அதே 2013-இல்தான் புஷ்பா லலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். அன்றிரவு வீட்டுக்கு வந்து, அதுவரை புரட்டாமல் விட்டிருந்த முன்பக்கங்களை வாசித்தேன். பொதுப் பதிப்பாசிரியர் வெய்ன் குரூடம். போதகர் பொறுப்பு ஆண்களுக்கே என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வருபவர். இறையியல் பதிப்பாசிரியர் ஜே.ஐ. பாக்கர், கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபில் ஊறியவர். அவர்களுடைய நம்பிக்கையை அவர்கள் ஒளிக்கவில்லை. பார்க்காமல் விட்டது நான்தான்.

அப்புறம்தான் கோட்டுக்கு மேலேயும் கவனிக்கத் தொடங்கினேன். ரோமர் 16:7-இல் அன்றோனீக்கையும் யூனியாவையும் பவுல் வாழ்த்துகிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் அவர்களை "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" என்கிறது. அப்படியானால் அவர்களும் அப்போஸ்தலர்கள்தான் என்று வாசிக்க இடமிருக்கிறது. யூனியா என்பதோ பெண் பெயர். இ.எஸ்.வி. மொழிபெயர்ப்பில் அவர்கள் அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்தவர்கள், அவ்வளவுதான். கிரேக்கத்தில் இருப்பது ஒரே சொற்றொடர். அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. எனக்குத் தமிழ்தான் சரியாகப் படுகிறது. ஆனால் எனக்கு எது பிடிக்கிறது என்பதைவிட, உரையில் மட்டும்தான் சாய்வு இருக்கும் என்ற என் நினைப்பு தவறு என்று அந்த ஒரு வரி காட்டியதுதான் பெரிது.

அதற்காகத் தமிழ் எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தைக் கொண்டாடும் ஞாயிறு பிரசங்கத்துக்கு 1 யோவான் 5:7-ஐ எடுத்தேன். "பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி" என்ற அந்த வரி நமக்கு மனப்பாடம். இ.எஸ்.வி.யில் தேடினால் அது இல்லவே இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸ் தம் முதல் இரண்டு பதிப்புகளிலும் அதைச் சேர்க்கவில்லை. 1522-இல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். அந்த வழியில் வந்த மூலத்தையொட்டி, ஹென்றி பவர் குழுவின் 1871 மொழிபெயர்ப்பு, அதாவது நம் பழைய தமிழ் வேதாகமம், நம் கைக்கு அதைக் கொண்டுவந்தது. திரித்துவத்தை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அதைப் பிரசங்கிக்க மத்தேயு 28:19 எனக்குப் போதும்.

என் மனைவி தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் வாசிப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். எனக்கு 66 நூல்கள், அவருக்கு 73. ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் ஏசாயா 7:14-ஐ இருவரும் சத்தமாக வாசித்தோம். என்னுடையதில் "கன்னிகை", அவருடையதில் "இளம்பெண்". எபிரேயச் சொல்லான அல்மா இளம்பெண்ணைக் குறிப்பது. கன்னி என்ற சொல் கிரேக்க மொழிபெயர்ப்பில் வந்தது, மத்தேயு எடுத்தாள்வது அதைத்தான். கத்தோலிக்கரும் கன்னிப் பிறப்பை நம்புகிறவர்கள். அப்படியிருந்தும் எபிரேயத்தில் உள்ளதை உள்ளபடி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. நடையும் அப்படித்தான்: 23-ஆம் சங்கீதம் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். இருந்தாலும் துக்க வீட்டில் என் வாயில் வருவது பழைய வேதாகமத்தின் "நான் தாழ்ச்சியடையேன்"தான்.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மச்சானிடம் ஃபுல் லைஃப் ஸ்டடி பைபிள் இருக்கிறது. பிரேசிலில் மிஷனரியாக இருந்த டொனால்ட் ஸ்டாம்ப்ஸ் எழுதிய குறிப்புகள். அப்போஸ்தலர் 2:4-இல் அந்நிய பாஷை, அதாவது கற்காத மொழியில் பேசும் வரம், ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம், இன்றைக்கும் உண்டு என்பார். ஜான் மெக்ஆர்தர் ஸ்டடி பைபிளைத் திறந்தால் அந்த வரம் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டது. வசனம் ஒன்றுதான்.

அதனால் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஐந்து நிமிஷம் நின்று, அப்போஸ்தலர் 2, ரோமர் 9, 1 தீமோத்தேயு 2, வெளிப்படுத்தல் 20 ஆகிய நாலு இடத்துக் குறிப்புகளை வாசியுங்கள். மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்கிறதா என்று பாருங்கள். வெளிப்படுத்தல் 20 சொல்லும் ஆயிரம் வருஷ அரசாட்சி விஷயத்தில் இ.எஸ்.வி. பல கருத்துகளையும் அடுக்கி வைக்கிறது. தேவன் சிலரைத் தெரிந்துகொள்வதைப் பற்றிய ரோமர் 9-இல் அந்தத் தாராளம் குறைவு. ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர்களுக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்வேன், பக்கத்தில் நம் பழைய வேதாகமமும் திருவிவிலியமும் இருக்கட்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் அந்த இரண்டையும் ஒப்பிட்டு வாசித்தாலே நிறையக் கிடைக்கும்.

என் பிரதியில் ரோமர் 16:7-க்குப் பக்கத்தில் தமிழ் வரியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். புதன்கிழமைகளில் குறிப்பை வாசிக்கும் முன் "இது கீழே உள்ளது" என்று சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா இன்னும் முன்வரிசையில்தான் உட்காருகிறார்.