உடைந்த லேப்டாப் ஸ்க்ரீன்: மதுரை சர்வீஸ் சென்டரா, ராமநாதபுரம் கடையா?

ராமேஸ்வரம் பக்கத்தில் கடலோரத்திலுள்ள மண்டபம் ஊரில் இருப்பவருக்கு லேப்டாப் ஸ்க்ரீன் உடைந்தால் நான்கு வழிகள் உண்டு. மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாம். ராமநாதபுரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுக்கலாம். ஆன்லைனில் பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு, வாங்கி நாமே மாட்டலாம். மாற்றாமலே ஒரு மானிட்டரை இணைத்து ஓட்டலாம். நான் ராமநாதபுரம் கடையில்தான் மாற்றினேன். இந்தக் கரையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் அதையேதான் சொல்வேன். விலை குறைவு என்பது உண்மைதான், ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை.

எந்த வழியில் போனாலும் முதலில் லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் பேனல் மட்டும்தான் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே டிவியை வைத்தே ஃபைல்களை ஒரு பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். அப்புறம் மெஷினை யார் கையில் கொடுத்தாலும் நிம்மதி.

சர்வீஸ் சென்டரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கம்பெனி பாகம், முறையான பில், மாற்றிய பாகத்துக்கு உத்தரவாதம். ஆனால் சாதாரண வாரண்டியில் உடைந்த ஸ்க்ரீன் சேராது. விபத்துச் சேதத்துக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் உண்டு. கட்டியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், மதுரைக்கே போங்கள். கட்டாதவர்களுக்கு அங்கே சொல்லும் தொகை கனமாக இருக்கும். எனக்குச் சொன்னது, ராமநாதபுரத்தில் கேட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, விலை இருக்கட்டும். நம் ஊரில் பார்க்க வேண்டியது மாற்றிய பிறகு வரும் மாதங்களை.

பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த காற்றுதான் நம் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது. காற்றோடு வரும் உப்புத்தூள் வெறுமனே படிந்து கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்து, மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும். கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். பேனலின் பின்பக்கம் கேபிள் வந்து சேரும் கனெக்டரில் ஊசிகளுக்கு நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். அதற்குள் 3.3 வோல்ட்டில் ஓடும் கோடும் உண்டு, பின்விளக்குக்கு அதைவிடக் கூடுதல் வோல்ட் கொண்டுபோகும் கோடும் உண்டு. அங்கே பச்சைக் களிம்பு ஏறினால் திரை மினுக்கும், கோடு விழும். சில சமயம் முழுவதும் இருண்டுவிடும்.

கம்பெனியிலிருந்து வரும்போது அந்தக் கனெக்டர் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். பேனலை மாற்றுபவர் அதை உரித்துத்தான் ஆக வேண்டும். திரும்பப் புது டேப் ஒட்டுகிறாரா, சுற்றிலும் உள்ள சட்டத்தின் கிளிப்புகள் எல்லாம் சரியாக உட்கார்ந்தனவா என்பதைப் பொறுத்துத்தான் உப்புக்காற்று உள்ளே போவது இருக்கிறது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஒருமுறை திறந்த மெஷினை இந்தக் கரையில் இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டி வரலாம். எனக்கு வந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திரை மினுக்க ஆரம்பித்தது. கடைத் தம்பி மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். "மூடி மடங்குற ஹிஞ்ச் பக்கம் கேபிள் போயிருந்தா அசைக்கும்போதுதான் மினுக்கும்ணே. இது சும்மா வச்சாலும் மினுக்குது, கனெக்டராத்தான் இருக்கும்" என்றார். திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புது டேப் ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. காலையில் பஸ் ஏறிப் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். இதே வேலைக்கு மதுரை என்றால் ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும். ராமேஸ்வரத்தில் இருப்பவருக்கு மதுரை 170 கிலோமீட்டர் போல. சின்ன மினுக்கலுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் களிம்பு ஊசியையே தின்றுவிடும்.

எல்லாக் கடையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை சில. மாடல் பெயரை மட்டும் கேட்டு விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு பேனல்கள் வரும். பி.ஓ.இ., ஏ.யு.ஓ., எல்.ஜி., இன்னோலக்ஸ் என்று எந்தத் தயாரிப்பாளருடையதாகவும் இருக்கலாம். பழைய பேனலைக் கழற்றி, பின்னால் உள்ள லேபிள் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லும் விலைதான் விலை. அந்த லேபிளை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டரில் ஊசிகள் 30 பின்னா 40 பின்னா என்பது மாறினால் கேபிளே சேராது. ஃபுல் எச்.டி. (1920 பிக்சல் அகலம்) இருந்த இடத்தில் 1366 பிக்சல் அகலப் பேனலைப் போட்டால் எழுத்து பிசிறடிக்கும். ஐ.பி.எஸ். வகைப் பேனல் இருந்த இடத்தில் மட்டமான டி.என். வகையைப் போட்டால் பக்கவாட்டில் பார்க்கும்போது நிறம் மாறும். வேலை தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். கழற்றாமல் கேபிளைச் செருகினால் போர்டில் உள்ள பின்விளக்கு ஃபியூஸ் போக வாய்ப்புண்டு. முடிந்ததும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத்திரையில் போட்டுப் பார்த்து, செத்த புள்ளி (நிறம் மாறாமல் நிற்கும் பிக்சல்) இல்லை என்று உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள். பேனல் எண்ணையும் உத்தரவாத மாதங்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதே நல்லது.

ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டுவது கைவேலை பழகியவருக்குச் சரிப்படும், செலவும் குறையும். ஆனால் கூரியரில் வருவது கண்ணாடி. உடைந்து வந்தால், உடைந்தே வந்தது என்று நிரூபிக்கும் பாடு நம்முடையது. நான் பேனலை மாட்டியதில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததுதான். அந்த அனுபவத்தில் சொன்னால், பேனலைப் பிடித்திருக்கும் இழுவை டேப்பை அறுக்காமல் உருவுவதுதான் இருப்பதிலேயே சிரமமான வேலை.

மானிட்டர் வழி, லேப்டாப்பை வீட்டைவிட்டு எடுக்காதவர்களுக்கு மட்டும். கரண்ட் போனால் மானிட்டரும் போய்விடும். பழைய மெஷினுக்கு, அதிலும் பேட்டரியும் செத்துப்போனதற்கு, பேனல் செலவு செய்வதைவிட இது மேல்.

டச் ஸ்க்ரீன் மெஷினும் மேக்புக்கும் எனக்குப் பழக்கமில்லை. அவற்றில் கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வருவதால் பல சமயம் மேல்மூடியை முழுசாக மாற்ற வேண்டியிருக்கும், விலை எங்கேயோ போய்விடும். நான் கொடுத்த கடையிலேயே மேக்புக்கை எடுப்பதில்லை, மதுரைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.