மயோர்க்காவில் ஏழு இரவு சைக்கிள் பயணம்: மெதுவாக ஓட்டுகிறவளின் மதிப்புரை

என் கணவர் பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேலம் அழகாபுரத்திலிருந்து கிளம்பி ஏற்காடு வரை சைக்கிள் மிதிப்பவர். நான் அடிவாரம் வரை கூடப் போய், ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவள். இப்படி இரண்டு பேர் ஒரு வாரம் சேர்ந்து சைக்கிளில் ஊர் சுற்ற முடியுமா என்று சந்தேகப்பட்டுக்கொண்டேதான் பணம் கட்டினோம். இந்த மாதிரிப் பயண ஏற்பாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வேகமாக ஓட்டுகிறவர்களாகவே இருக்கிறார்கள். கூட வருகிறவருக்கு எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மயோர்க்கா ஸ்பெயினுக்குச் சொந்தமான மத்தியதரைக்கடல் தீவு. நாங்கள் எடுத்தது கைடு இல்லாத திட்டம். சைக்கிள், ஓட்டல், காலை உணவு, போனில் ஏற்றிக்கொள்ளும் வழித்தடம், அப்புறம் நம் பெட்டியை ஒவ்வொரு ஊருக்கும் வேனில் கொண்டுபோய் இறக்குவது, இவ்வளவுதான். இருவருக்கும் சேர்த்து 2,500 யூரோவுக்குக் கொஞ்சம் கீழே ஆனது, விமானமும் விசாவும் தனி. பொயென்சாவில் மூன்று இரவு, சோயெரில் இரண்டு, சினேவில் இரண்டு. அக்டோபர் முதல் வாரம் போனோம், வெயில் நம் ஊர் மார்கழிப் பகல் போலத்தான் இருந்தது.

எனக்கு பேட்டரி சைக்கிள், அவருக்குச் சாதாரண ரோடு சைக்கிள். பேட்டரி என்றதும் ஸ்கூட்டர் மாதிரி நினைக்க வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி 250 வாட் மோட்டார், மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதுவும் நின்றுவிடும். மேட்டில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும். இந்த ஒன்றுதான் எங்கள் விடுமுறையைக் காப்பாற்றியது. அவர் மூச்சு வாங்க ஏற, நான் பக்கத்திலேயே பேசிக்கொண்டே ஏறினேன். கல்யாணமாகி பதினாறு வருடத்தில் ஒரு மலையை நாங்கள் சேர்ந்து ஏறியது அதுதான் முதல் தடவை.

அங்கே வாடகை சைக்கிளைக் கையில் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நம் ஊரில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, அங்கே இடது கை. முதல் நாள் ஓட்டல் வாசல் சரிவில் பழக்கத்தில் இடது கையை அழுத்தினேன். பின்சக்கரம் சட்டென்று தூக்கிக்கொண்டது. வேகம் குறைவு, கால் ஊன்றித் தப்பித்தேன். மலை இறக்கத்தில் நடந்திருந்தால் வேறு கதை. கேட்டால் கடையிலேயே பத்து நிமிடத்தில் மாற்றித் தருகிறார்கள், எனக்கும் மறுநாள் மாற்றித் தந்தார்கள். கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் குறை.

சாலைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவில்தான் ஒரு நாள் குழப்பம். ஆனால் சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம், அதைக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். ஒரு வளைவில் எனக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்காமல் இரண்டு நிமிடம் ஊர்ந்து வந்தது. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் சைக்கிள் ஓட்டிய எனக்கு, திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

நான்காம் நாள்தான் பெரிய நாள். பொயென்சாவிலிருந்து சோயெருக்கு, நடுவில் சா கலோப்ரா. 1932-இல் அந்தோனி பாரியெத்தி என்ற பொறியாளர் போட்ட சாலை, 26 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை டை முடிச்சு மாதிரி சுற்றித் தன் அடியிலேயே நுழைந்து போகிறது. ஏற்காட்டில் 20 வளைவு, உயரமும் இதைவிட அதிகம். கடலிலிருந்து 682 மீட்டர்தானே என்று அவர் லேசாகச் சொன்னார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏற்காட்டில் முடியவில்லை என்றால் எந்த வளைவிலும் திரும்பி இறங்கிவிடலாம். சா கலோப்ராவில் முதலில் கடல் வரை இறங்குகிறோம். திரும்ப ஏறத்தான் வேண்டும், வேறு சாலை கிடையாது.

நான் கணக்குப் போட்டு, மிகக் குறைந்த உதவியில் வைத்தே ஏறினேன். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றம், எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே வந்தபோது பேட்டரியில் ஐந்து கோட்டில் ஒன்றுதான் மீதி. சோயெருக்கு இறங்குவதற்கு முன் இன்னொரு மலைமேடு பாக்கி. பழைய கல் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் ஆரஞ்சு ஜூஸ் குடித்தோம், பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். ஆனால் சார்ஜர் பெட்டிக்குள், பெட்டி வேனில். காலையில் பெட்டியைக் கட்டி வாசலில் வைக்கச் சொன்னவர்கள், சார்ஜரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சார்ஜ் நாள் முழுக்கத் தாங்கும் என்றுதான் சொன்னார்கள்.

சமதளத்தில் மோட்டாரை நிறுத்தி, மேட்டில் மட்டும் போட்டு, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். இருபது கிலோவுக்கு மேல் எடை, அவர் ஒரு கையால் தன் சைக்கிளையும் மறு கையால் என் சீட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏங்க, நீங்க முன்னாடி போங்க" என்றேன், போகவில்லை. சுரங்கப் பாதைக்குள் நுழைந்தபோது கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் சோயெர் வரை மிதிக்கவே வேண்டியதில்லை, முழுக்க இறக்கம்.

அன்றைக்குப் பார்த்துப் பெட்டியும் தாமதம். வேறு ஓட்டலில் இறக்கிவிட்டார்கள், ராத்திரி எட்டரைக்குத்தான் வந்தது. அதுவரை வியர்வைத் துணியோடு உட்கார்ந்திருந்தோம். போன் செய்ததும் எடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், ஒரு நாள் பேட்டரி வாடகையைத் திருப்பித் தந்தார்கள். அந்த அளவில் நாணயமானவர்கள்.

சாப்பாடு: புரட்டாசி என்பதால் இருவரும் சைவம். தடித்த ரொட்டியில் தக்காளியைப் பாதியாக வெட்டித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய், உப்பு. பா அம்ப் ஓலி என்கிறார்கள், தினமும் மதியம் அதுதான். கத்தரிக்காய், உருளைக்கிழங்கை அடுக்கிச் செய்யும் தும்பெத் நன்றாக இருந்தது. காலை உணவில் வைக்கும் சுருள் சுருளான என்சைமாதா மட்டும் வேண்டாம், அதில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள், பார்த்தால் தெரியாது.

சினேவில் புதன்கிழமை சந்தை கூடும். எங்களை வியாழக்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழித்தடம் போடுகிறவருக்கு இது தெரியாதா என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் முழுக்கச் சமவெளி, பாதாம் தோப்பு, கல் சுவர். என்னைப் போன்றவர்கள் சினேவில் தொடங்கி, கால் பழகிய பிறகு மலைக்குப் போவது நல்லது. திட்டத்தைத் திருப்பிப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், புதன்கிழமை சினேவில் இருக்கும்படி நாள் பார்த்துக் கிளம்பினால் சந்தையும் கிடைக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் பிரேக்கை மாற்றித் தருவார்களா, பேட்டரி எத்தனை மீட்டர் ஏற்றத்துக்குத் தாங்கும், இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜர் கொஞ்சம் கனம்தான். இருந்தாலும் பெட்டியில் போடாமல் உங்கள் சைக்கிளிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.