பத்து வீல் லாரிக்குத் தேர்டு பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைப்பவர்கள் ஏராளம். பாலிசி முடியும் மாதம் வந்தால் அவர்களுக்கு இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். ஐம்பது வண்டி வைத்திருக்கும் கம்பெனி ஒரு வண்டி போனாலும் தாங்கும். ஒற்றை லாரிக்காரரால் தாங்க முடியாது. அதனால் இந்த அலசலை அவர் பக்கம் நின்றே செய்கிறேன்.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆக்சில், பத்து வீல், லோடோடு மொத்த எடை 28.5 டன், நான்கு வயது, ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) 18 லட்சம்.

தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பு) மட்டும் போட்டால் பிரீமியம் 43,950 ரூபாய். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிகளுக்கு 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணம் இது. இதை நிர்ணயிப்பது அரசு. எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனாலும் இதே தொகைதான், பேரம் பேச இடமில்லை. இதன் மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல செய்தி. சாவு, காயம் என்றால் எதிர்த் தரப்புக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். எதிர்த் தரப்பின் சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரை.

இந்த 7.5 லட்சத்தில் ஒரு பொறி இருக்கிறது. அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் 200 ரூபாய் மிச்சம் என்று டாரிஃபில் (வண்டி இன்சூரன்ஸுக்கான கட்டண விதிப் புத்தகத்தில்) ஒரு வழி உண்டு. தொகையைக் குறைத்துக் காட்ட விரும்பும் ஏஜென்ட் அதைச் சொல்லாமலே போட்டுவிடலாம். டோல் பூத்தில் இடித்தாலோ, நிற்கிற பஸ்ஸின் பின்னால் ஏற்றினாலோ மீதியைக் கட்டப்போவது நீங்கள்தான். பாலிசி தாளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சரி, ஃபுல் இன்சூரன்ஸுக்கு வருவோம். அதே 43,950-உடன் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியமும் சேரும். பழைய டாரிஃப் புத்தகப்படி, பெருநகரங்களும் மாநிலத் தலைநகரங்களும் அல்லாத ஊரில் பதிவான ஐந்து வயதுக்குட்பட்ட சரக்கு வண்டிக்கு ஐ.டி.வி.யில் 1.726 சதவீதம். 18 லட்சத்துக்கு 31,068 ரூபாய். 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 27 ரூபாய் வீதம் இன்னொரு 4,455. ஆக 35,523. இது புத்தகக் கணக்கு. இந்தப் பகுதியில்தான் கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன, நோ கிளெய்ம் போனஸும் இதில்தான் கழியும். ஐந்து வருஷம் தொடர்ந்து கிளெய்ம் எடுக்காதவருக்கு 50 சதவீதம் வரை குறையும். எனவே நாலைந்து இடத்தில் விலை கேட்பதானால் இந்தப் பகுதிக்குக் கேளுங்கள்.

இந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன? வண்டி கவிழ்ந்து ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், நம் கணக்கில் 13.5 லட்சத்தைத் தாண்டினால், முழு நஷ்டம் என்று எடுத்துக்கொண்டு ஐ.டி.வி.யை வைத்து செட்டில் செய்வார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே ஒரு பைசா கிடையாது, ஆனால் ஃபைனான்ஸ் டியூ மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். டியூ ஓடும் வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதும் அதனால்தான்.

ஃபுல் இன்சூரன்ஸ் போட்டவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லாரி பாலிசியில், முழு நஷ்டம் தவிர மற்ற விபத்துகளில் லைட், டயர், டியூப், மட்கார்டு, பானட்டின் பக்கப் பகுதி, பம்பர், பெயின்ட் இவற்றுக்குப் பணம் கிடையாது. முன்னால் போகிற வண்டியில் இடித்தால் உடைவது இவைதான். ஒர்க்‌ஷாப் பில்லைக் கொடுத்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் வரிக்கு வரி அடித்துக்கொண்டே போவார். இவற்றையும் சேர்க்க ஐ.எம்.டி. 23 என்ற இணைப்பு உண்டு. சொந்தச் சேத பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதல், நம் வண்டிக்கு 5,328 ரூபாய். அப்போதும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி போய்விடும். இருந்தாலும் ஃபுல் இன்சூரன்ஸ் போடுகிறவர் இதை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் புது வண்டிக்குச் சரி. வயதான வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள், அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

வண்டிக்குப் பத்து வயது தாண்டி, டியூ முடிந்து, ஐ.டி.வி. நான்கைந்து லட்சத்துக்கு வந்துவிட்டால் கணக்கு மாறும். இரும்புச் சாமான்களுக்கே 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அந்த நிலையில் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு, மிச்சத்தை ரிப்பேருக்கென்று தனியாக ஒதுக்கி வைப்பது நியாயமான முடிவு. ஒதுக்கி வைக்க முடியாது என்று தெரிந்தால் ஃபுல் இன்சூரன்ஸிலேயே இருங்கள்.

எந்தப் பாலிசி எடுத்தாலும் டிரைவர், கிளீனருக்கான சட்டப் பொறுப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். டாரிஃப்படி ஆளுக்கு 50 ரூபாய்தான். லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் பேப்பர் சரியில்லை என்றால் இரண்டு பாலிசியும் ஒரே நிலைக்கு வந்துவிடும். பெர்மிட் இல்லாத வண்டி, செல்லாத லைசென்ஸ் என்றால் சொந்தச் சேத கிளெய்ம் நிராகரிக்கப்படும். எதிர்த் தரப்புக்கான இழப்பீட்டில், முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரும். பெர்மிட் இல்லாத வண்டிக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இருபது, முப்பது லட்சம் என்று வரும் இழப்பீடு, இன்சூரன்ஸ் போட்ட பிறகும் உங்கள் சொத்தின் மேல் வந்து உட்காரும்.

லைசென்ஸ் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் தீர்ப்பைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தாலே சரக்கு வண்டி ஓட்டலாம் என்பது மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்குத்தான். பத்து வீலுக்குப் பொருந்தாது. புது டிரைவரைச் சேர்க்கும்போது லைசென்ஸ் எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, தேதியோடு ஒரு பிரின்ட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அது போலி என்று தெரிந்தாலும், உரிமையாளர் தன்னால் முடிந்த அளவு சரிபார்த்தார் என்று காட்ட அந்தத் தாள் உதவும். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்க்கச் சொன்னதும் அந்தக் கவனத்தைத்தான்.

வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யை எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷாவருஷம் எடுக்க வேண்டும். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000-மும் அபராதம். ஒரு நடையின் லாபம் அதோடு சரி. அப்புறம், வழியில் ஆள் ஏற்றும் பழக்கம். லோடின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கேபினில் வந்தால் பாலிசியில் வருவார். இருநூறு ரூபாய்க்கு ஏற்றிக்கொண்ட ஆளுக்கு இரண்டு பாலிசியிலும் காப்பு இல்லை. அவர் இறந்தால் அந்தக் குடும்பத்துக்கான பொறுப்பு உங்களுடையது.

லோடுக்கும் இரண்டு பாலிசியிலும் இடமில்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் வருஷச் சட்டமும் அதன் விதிகளும், பொதுச் சரக்குப் போக்குவரத்து நடத்துபவர் லோடு சேதத்துக்குப் பொதுவாக வாடகையின் பத்து மடங்கு வரை பொறுப்பு என்கின்றன. கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குரிய வாடகையும் தந்திருந்தால் பொறுப்பும் கூடும். அப்படி எழுதித் தராவிட்டால் 40,000 ரூபாய் வாடகைக்கு 4 லட்சம். சரக்கு அனுப்புபவர் தன் சரக்குக்கு டிரான்சிட் பாலிசி எடுத்திருந்தாலும், அவருக்குப் பணம் கொடுத்த கம்பெனி அடுத்து உங்களைத் தேடி வரலாம். டைல்ஸ், எலக்ட்ரானிக்ஸ், மருந்து ஏற்றுகிறவர்கள் சரக்குப் பொறுப்புக்கான தனி பாலிசியின் விலையையும் அதே நாளில் கேட்டு வாங்குங்கள்.