போக்கிமொன் கோ: இரண்டாகப் பிரியும் இவோல்வ், எதற்குக் கல்லைச் செலவழிப்பது?

போக்கிமொன் கோ கைபேசி விளையாட்டில், பிடித்த போக்கிமொனை இவோல்வ் செய்ய, அதாவது அடுத்த வடிவத்துக்கு வளர்க்க, கேண்டி வேண்டும். விளையாடுகிறவர்களுக்குக் கேண்டி பெரிய தட்டுப்பாடு இல்லை. நடந்தால் வரும், பிடித்தால் வரும். தட்டுப்பாடு, சில இவோல்வுக்குக் கேண்டியோடு கூடுதலாகக் கேட்கும் சின்னோ ஸ்டோன், கிங்ஸ் ரொக், சன் ஸ்டோன் போன்ற பொருட்களுக்குத்தான். இவோல்வ் பொத்தானை அழுத்தியபின் திரும்ப வழியுமில்லை. ஆகவே ஒரே குட்டியிலிருந்து இரண்டு வழி பிரியும்போது அந்த ஒற்றைக் கல்லுக்கு எது தகும் என்றுதான் பார்க்கவேண்டும். முழுக் கணக்கையும் பார்த்தால், கல் கேட்கிற கிளைகளில் உண்மையில் கல்லுக்குப் பெறுமதியானவை கல்லேட்டும் ஃப்ரோஸ்லாஸும்தான்.

ரால்ட்ஸை எடுங்கள். 25 கேண்டிக்குக் கிர்லியா, பிறகு 100 கேண்டிக்குக் கார்டிவார். அதே 100 கேண்டியோடு ஒரு சின்னோ ஸ்டோன் போட்டால் கல்லேட், ஆனால் கிர்லியா ஆணாக இருக்கவேண்டும். பெண்ணுக்கு அந்தப் பொத்தானே வராது, இதைக் கவனிக்காமல் பெண் ரால்ட்ஸாகப் பார்த்துக் கேண்டி போட்டு வளர்ப்பவர்கள் நிறைய. அடிப்படைப் புள்ளிகளில் இரண்டும் ஒன்றே: தாக்குதல் 237, தற்காப்பு 195, உயிர் 169. வேறுபடுவது வகை மட்டும். கார்டிவார் சைக்கிக், ஃபேரி. ட்ராகன் ரெய்டில் (பலர் சேர்ந்து பலமான ஒன்றை வீழ்த்தும் போர்) சார்ம், டாஸ்லிங் கிளீம் என்ற இரண்டு அடிகளோடும் நன்றாக நிற்கும், விஷம், பேய், எஃகு வகைகளிடம் சரியும். கல்லேட் சைக்கிக், ஃபைட்டிங். பறவை, பேய், ஃபேரி அதற்கு ஆகாது. கல்லேட்டின் பெறுமதி லீஃப் பிளேட் என்ற அடியில் இருக்கிறது: குறைந்த சக்தியில் அடிக்கடி பாயும், தண்ணீர் வகைகளை நன்றாகக் கடிக்கும். குளோஸ் கொம்பட் பெரிய அடிதான், ஆனால் பயிற்சியாளர் போரில் தன் தற்காப்பையே இரண்டு படி இறக்கிவிடும். கடைசி அடியாக வைத்துக்கொள்ளுங்கள். ட்ராகன்களுக்கு ஆளே இல்லாதவர் முதலில் கார்டிவாரைச் செய்யட்டும், கல்லும் மிச்சம். இன்னொன்று: கொழும்பில் பருவமழை மாதங்களில் வானம் மூடிக் கிடக்கும் நாட்கள் அதிகம். விளையாட்டிலும் மேகமூட்டம் காட்டினால் ஃபேரி, ஃபைட்டிங் இரண்டுக்குமே பலம் கூடும், ஆகவே அந்த நாட்களில் இரண்டு கிளையும் லாபம்தான்.

ஸ்னோரன்ட்டில் தீர்ப்பு இன்னும் இலகு. ஆணோ பெண்ணோ 50 கேண்டிக்குக் கிளாலி ஆகும். பெண் ஸ்னோரன்ட்டோடு 100 கேண்டி, ஒரு சின்னோ ஸ்டோன் இருந்தால் ஃப்ரோஸ்லாஸ். பவுடர் ஸ்னோ, அவலாஞ்ச், ஷடோ போல் மூன்றையும் சேர்த்துவிட்டால் 1500 சிபி லீக்கில் (சிபி என்பது போர்ப் பலத்தின் அளவு, 1500க்குள் உள்ளவை மட்டும் இறங்கும் பயிற்சியாளர் போர் இது) ஃப்ரோஸ்லாஸ் தைரியமாக இறக்கக்கூடிய ஒன்று, கிளாலி அந்த அளவுக்கு வராது. ஆனால் ஒரு பொறி உண்டு: ஸ்னோரன்ட் 600 சிபியைத் தாண்டியிருந்தால், இவோல்வ் ஆனதும் 1500ஐத் தாண்டிவிடும் அபாயம். அப்படிப் போனால் அந்த லீக்கில் அதற்கு இடமில்லை, கல்லும் போய்விட்டது. ஐவி, அதாவது தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்றுக்கும் ஒவ்வொரு போக்கிமொனுக்கும் தனித்தனியாக வரும் 0 முதல் 15 வரையான புள்ளி, அதைப் பார்க்கும்போதும் இங்கே கணக்கு தலைகீழ்: தாக்குதல் குறைந்து, தற்காப்பும் உயிரும் நிறைந்ததே லீக்குக்கு நல்லது. மூன்றிலும் 15 உள்ளதை ரெய்டுக்கு வையுங்கள்.

கிங்ஸ் ரொக்கைப் பற்றி ஒரே வரியில் சொன்னால், அவசரப்படவேண்டாம். ஸ்லோபோக் 50 கேண்டிக்கு ஸ்லோப்ரோ ஆகும், அதே 50க்கு கிங்ஸ் ரொக்கும் போட்டால் ஸ்லோகிங். புள்ளிகள் இரண்டுக்கும் 177, 180, 216. வகையும் ஒன்றே. ஸ்லோப்ரோவுக்கு மெகா (தற்காலிகமாகப் பலம் கூடும் வடிவம்) உண்டு, ஸ்லோகிங்குக்கு இல்லை. ஆகவே கல்லை ஸ்லோகிங்கில் போடுவது போக்கெடெக்ஸ் பட்டியலை நிரப்புகிறவர்களின் விருப்பம் மட்டும். போலிவர்லில் கொஞ்சம் பேச்சுண்டு: 100 கேண்டிக்குத் தண்ணீரும் ஃபைட்டிங்குமான போலிராத், கிங்ஸ் ரொக் சேர்த்தால் தனித் தண்ணீரான போலிடோட். 2023 ஜூலை கொம்யூனிட்டி டே என்ற விசேஷ நாளில் போலிராத்துக்குக் கவுன்டர் என்ற அடியும் போலிடோட்டுக்கு ஐஸ் பீம் என்ற அடியும் கிடைத்தன. அந்த அடி இல்லாத போலிடோட்டை அவசரமாகச் செய்யவேண்டியதில்லை. சன் ஸ்டோனும் அப்படியே: குளூமுக்குக் கல் போட்டால் பெலொசம், போடாவிட்டால் தாக்குதல் கூடிய வைல்ப்ளூம், இரண்டுக்கும் 100 கேண்டி.

இந்தப் பொருட்கள் எப்படி வரும்? ஏழு நாள் தொடர்ந்து தினமும் விளையாட்டு வரைபடத்தில் தெரியும் ஒரு ஸ்டொப்பையாவது (போக்கிஸ்டொப்) சுற்றினால் பரிணாமப் பொருள் ஒன்று கிடைக்கும். சின்னோ ஸ்டோனுக்கு விளையாட்டிலேயே வரும் குழுத் தலைவருடன் தினமும் ஒரு பயிற்சிப் போர் போடுங்கள். வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

டைரோக்கில் கல் கிடையாது, 25 கேண்டி போதும். இங்கே திசையைத் தீர்மானிப்பது ஐவி. தாக்குதல் மற்ற இரண்டையும்விடக் கூடினால் ஹிட்மொன்லீ, தற்காப்பு கூடினால் ஹிட்மொன்சான், உயிர் கூடினால் ஹிட்மொன்டொப். இரண்டு சமமாக உச்சத்தில் இருந்தால் அவற்றுக்குள் ஏதோ ஒன்று. ஐவியைக் காட்டும் அப்ரெய்ஸல் பட்டைகளைப் பார்க்காமல் அழுத்துவது வீண்.

இனி ஈவி. 25 கேண்டிக்கு எட்டு வழி. ஒன்றும் செய்யாமல் அழுத்தினால் வாபோரியொன், ஜோல்டியொன், ஃப்ளேரியொன் மூன்றில் ஒன்று தற்செயலாக வரும். கொழும்பில் பின்னேரத்து மழை நேரத்தில் ரெய்டு போகிறவருக்கு முதல் இரண்டும் கைகொடுக்கும், தண்ணீருக்கும் மின்னலுக்கும் மழை பலம் கூட்டும்.

எஸ்பியொனுக்கும் அம்ப்ரியொனுக்கும் ஈவியைத் துணையாக (கூடவே நடக்கும் போக்கிமொனாக) வைத்து 10 கிலோமீற்றர் நடந்து இரண்டு கேண்டி சேர்க்கவேண்டும். பிறகு துணையாக இருக்கும்போதே பகலில் இவோல்வ் செய்தால் எஸ்பியொன், இரவில் அம்ப்ரியொன். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: நடந்து முடித்ததும் துணையை மாற்றிவிட்டு இவோல்வ் செய்கிறார்கள், வேறேதோ வருகிறது. கொழும்பில் ஆண்டு முழுவதும் ஆறு மணி சுற்றித்தான் பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் நேரத்தை நம்பாமல், பொத்தானில் தெரியும் அடுத்த வடிவத்தின் நிழலைப் பார்த்து அழுத்துங்கள். மரைன் டிரைவில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் இரண்டு மூன்று மாலை போய்வந்தால் தூரம் முடிந்துவிடும். வாகனத்தில் வேகமாகப் போனால் எண்ணாது, காலி வீதி நெரிசலில் ஊர்ந்தால் கொஞ்சம் எண்ணலாம். அம்ப்ரியொனை 1500 லீக்குக்கு நினைப்பவர் ஈவியின் சிபி 730ஐத் தாண்டாமல் பார்க்கவேண்டும்.

லீஃபியொனுக்கு மொஸி லூர், கிளேசியொனுக்கு கிளேஷியல் லூர். லூர் என்பது ஸ்டொப்பில் போடும் ஒரு பொருள். நீங்களே வாங்கவேண்டும் என்றில்லை, வேறொருவர் போட்டதாக இருந்தாலும் ஸ்டொப்பின் எல்லைக்குள் நின்றால் பொத்தான் திறக்கும். லூர் வாங்க விளையாட்டுக் காசு வேண்டும், ஜிம்மில் அது நாளொன்றுக்கு 50க்கு மேல் வராததால் இது சிக்கனம். விகாரமகாதேவி பூங்காவில் விசேஷ நாளில் கூடும் கூட்டத்தோடு போனால் யாராவது போட்டிருப்பார்கள். சில்வியொனுக்கு ஈவியைத் துணையாக வைத்து 70 நட்பு இதயம் சேர்க்கவேண்டும். உணவு 3, போர் 3, நடை 3, விளையாட்டு 1, படம் 1 என்று ஒரு நாளில் 11 சேர்க்கலாம், ஒரு கிழமையில் ஆகிவிடும்.

இதெல்லாம் வேண்டாமென்றால் பெயர் தந்திரம்: ஈவிக்குக் குறித்த பெயரை வைத்து இவோல்வ் செய்தால் அதற்குரிய வடிவம் வரும். ரெய்னர், ஸ்பார்க்கி, பைரோ, சகுரா, தமாவோ, லின்னியா, ரியா, கீரா என்று வரிசைப்படி வாபோரியொன் முதல் சில்வியொன் வரை. ஆங்கில எழுத்து பிசகக்கூடாது: லின்னியாவில் என் இரண்டு, ரியா ஆர், ஈ, ஏ என்ற மூன்றெழுத்து. பெயர் மாற்றியபின் பொத்தானில் கேள்விக்குறி போய் நிழல் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் செயலியை மூடித் திறங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு கணக்குக்கு ஒரே தடவை. மற்ற ஐந்துக்கும் நடையோ லூரோ இதயமோ வழியிருக்கிறது, முதல் மூன்றுக்குப் பெயரை விட்டால் அதிர்ஷ்டம்தான். ஆகவே ரெய்னர், ஸ்பார்க்கி, பைரோ மூன்றையும் சாதாரண ஈவியில் கொட்டாமல், நல்ல ஐவியோ மின்னும் ஈவியோ வரும்வரை வைத்திருங்கள்.

வர்ம்பிளும் கிளாம்பர்லும் யார் என்ன செய்தாலும் தற்செயல்தான். வர்ம்பிளுக்கு 12, கிளாம்பர்லுக்கு 50 கேண்டி. இரண்டு கிளையும் வேண்டுமென்றால் ஒன்றிரண்டைக் கூடுதலாகப் பிடித்து வையுங்கள்.