வாடகை வீட்டுக்கு இன்சூரன்ஸ்: பல வருடம் பிரீமியம் கட்டிய அனுபவம்

தாங்கள் குடியிருந்தபோது எடுத்த பாலிசியை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பிரீமியம்தான் ஒழுங்காகக் கட்டுகிறோமே, போதாதா என்பார்கள். போதாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் பாலிசி போடப்படுகிறது. ஆள் மாறியதைச் சொல்லாமல் விட்டால், கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

நான் வாடகைக்கு விடுபவர்களுக்கென்றே இருக்கும் பாலிசியைப் பல வருடங்களாகப் புதுப்பித்து வருகிறேன். எடுக்கும்போது கட்டடத்துக்கு எவ்வளவு என்றுதான் பார்த்தேன். இப்போது கேட்டால், கொடுத்த காசுக்கு மதிப்பு மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டில்தான் (நம் வீட்டில் வேறொருவருக்கு அடிபட்டு நம்மிடம் இழப்பீடு கேட்டால் கைகொடுக்கும் பகுதி) என்பேன்.

குடியிருப்பவரைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் மாடிப்படியில் தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கைப்பிடிக் கம்பி ஆடியதுதான் காரணம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் பதில் எழுதவில்லை, நோட்டீஸை அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் சம்மதம் இல்லாமல் நாமாகப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று பாலிசியிலேயே இருக்கும். விசாரிக்க வந்தவர் கேட்டது எல்லாம் தேதிகள்தான்: கம்பியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள், குடியிருப்பவர் முன்பே புகார் சொன்னாரா, சொன்னார் என்றால் எத்தனை நாளில் ஆள் அனுப்பினீர்கள்? வெல்டர் கொடுத்த கசங்கிய பில்லும் வாட்ஸப் செய்திகளும் அன்று கைகொடுத்தன. வக்கீல் வைத்தது, பேசி முடித்தது எல்லாம் அவர்கள் செலவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில பாலிசிகளில் வக்கீல் செலவு வரம்புத் தொகைக்குள்ளேயே (நிறுவனம் அதிகபட்சம் கொடுக்கும் தொகை) கழியும், சிலவற்றில் தனி. வழக்கு இழுத்தால் இந்த வித்தியாசம் பெரிது.

கட்டடப் பகுதியில் எனக்கு மனக்குறை உண்டு. குழாய் வெடித்துத் தரை நாசமானபோது பணம் வந்தது. இன்னொரு முறை குளியலறைச் சுவருக்குள் மெதுவாகக் கசிந்து பலகை உப்பியதற்கு ஒன்றும் வரவில்லை. திடீர்ச் சேதம் என்றால் சரி, நாள்பட்ட கசிவும் தேய்மானமும் பராமரிப்புக் கணக்கு என்றார்கள். விதி அப்படித்தான், ஆனால் சுவருக்குள் கசிவதை வெளியே இருந்து யார் பார்ப்பது?

அப்புறம் காப்புத் தொகை. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்துப் போடுபவர்களுக்குப் பல பாலிசிகளில் விகிதாசார விதி காத்திருக்கிறது. திரும்பக் கட்ட 100 ஆகும் வீட்டை 60-க்குக் காப்பீடு செய்திருந்தால், 10-க்குச் சேதம் வந்தால் கிடைப்பது 6. முழுவதும் எரிந்தால்தானே குறையும் என்ற நினைப்பு தவறு. அந்த 100 என்பது விற்பனை விலை இல்லை, நிலத்தை விட்டுவிட்டுக் கட்டுமானச் செலவு மட்டும்.

வாடகை இழப்புக் காப்பீடு தீ, வெள்ளம் என்று பாலிசி ஏற்கும் சேதத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால்தான் வரும் (வெள்ளத்தைப் பல பாலிசிகள் தனியாகவே விற்கின்றன). குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்தால் அதற்கு வேறு காப்பீடு வேண்டும். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் பாதுகாப்பு சுருங்கும் பாலிசிகளும் உண்டு. ஆள் மாறும் சமயத்தில் ஏஜென்டுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவேன்.

வீட்டை ஒரு கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டால் பொறுப்பே வராது என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. என் அலட்சியத்தால் ஒருவருக்கு அடிபட்டால் கம்பெனிக்குப் பின்னால் முழுக்க ஒளிய முடியாது. மாற்றினால் பாலிசியிலும் பெயரை மாற்ற வேண்டும்.

குடியிருப்பவரின் பொருள்களுக்கு என் பாலிசி பொறுப்பில்லை. அதனால் அவர் தனக்கென ஒரு காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறேன். அவருடைய கவனக்குறைவால் தீப்பிடித்தால் எனக்குக் கொடுத்த பணத்தை நிறுவனம் அவரிடம் கேட்கலாம் என்று விளக்கியதும் மறுப்பில்லாமல் எடுத்தார். கடந்த புதுப்பித்தலில், சிறிய சேதங்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளெய்மில் நான் ஏற்கும் தொகையைக் கூட்டினேன். அதில் குறைந்த பிரீமியத்தைக் கொண்டு பொறுப்பு வரம்பை உயர்த்திக்கொண்டேன்.